ஜெயித்தால் "நாம்", தோற்றால் "அவன்"

தோற்ற அணியின் ரசிகனுக்கு ஆறுதல் சொல்வது கஷ்டம். அதைவிடக் கஷ்டம், அவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதலைக் காது கொடுத்துக் கேட்பது. ஏனென்றால் அந்த ஆறுதலில் பெரும்பாலும் ஒரு பலிகடா இருக்கும். "எல்லாரும் நல்லாத்தான் ஆடினாங்க, அவன் ஒருத்தன்தான் கெடுத்துட்டான்." எந்த நாட்டு விளையாட்டை எடுத்தாலும் இந்த வசனம் மாறாது. ஆனால் கல்லூரி விளையாட்டில் இதைச் சொல்வது தனி அசிங்கம். ஏன் என்று பார்க்க அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி நல்ல இடம்.

தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்காவில் ஹாக்கி என்றாலே ஐஸ் ஹாக்கிதான். பந்துக்குப் பதிலாக 'பக்' என்ற கறுப்பு ரப்பர் வட்டு. ஒரு ஆட்டம் 20 நிமிடப் பகுதிகள் மூன்று. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1948 முதல் ஆண்களுக்கான தேசியக் கோப்பையை நடத்துகிறது. 2003 முதல் அதில் 16 அணிகள். கடைசி நான்கு அணிகள் ஏப்ரலில் ஒரே ஊரில் மோதும், அதற்கு 'ஃப்ரோசன் ஃபோர்' என்று பெயர். முழுக்க நாக் அவுட். தொழில்முறை லீகான என்.எச்.எல்.லில் பிளே ஆஃப் சுற்று ஒவ்வொன்றிலும் ஏழு ஆட்டங்கள் வரை உண்டு, இன்று சொதப்பினால் நாளை மறுநாள் சரிசெய்யலாம். கல்லூரியில் அந்த வசதி கிடையாது. அக்டோபரிலிருந்து ஆடிச் சேர்த்ததெல்லாம் ஒரே ராத்திரியில் போய்விடும்.

இனி அந்த ராத்திரி. 2015 ஏப்ரல் 11, பாஸ்டன் நகரின் டி.டி. கார்டன் அரங்கம். இறுதிப் போட்டியில் பாஸ்டன் பல்கலைக்கழகமும் பிராவிடன்ஸ் கல்லூரியும். பாஸ்டனுக்குச் சொந்த ஊர், சொந்தக் கூட்டம். அந்த சீசனில் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் சிறந்த வீரருக்கான ஹோபி பேக்கர் விருதை வாங்கிய ஜாக் ஐக்கல் அவர்கள் அணியில். முதலாண்டு மாணவர் ஒருவர் அந்த விருதை வாங்கியது அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான், 1993-இல் பால் கரியா. பிராவிடன்ஸோ அதுவரை ஒரு தேசியக் கோப்பையும் வென்றதில்லை.

மூன்றாவது பகுதியில் பாஸ்டன் 3-2 என்று முன்னணி. ஆட்டம் முடிய 8 நிமிடம் 36 விநாடி பாக்கி. பிராவிடன்ஸ் வீரர் டாம் பரீசி தூரத்திலிருந்து பக்கைச் சும்மா உயரத் தூக்கிப் போடுகிறார். அதை யாரும் கோல் முயற்சி என்று சொல்ல மாட்டார்கள். பாஸ்டன் கோல்கீப்பர் மேட் ஓ'கானர் அதைக் கையுறையில் அழகாகப் பிடித்தும் விடுகிறார். கையைக் கீழே இறக்கும்போது பக் நழுவி அவர் கால்களுக்கு நடுவே விழுகிறது. அதை அமுக்கப் போய் அவரே வலைக்குள் தள்ளிவிடுகிறார். 3-3. அடுத்த 2 நிமிடம் 19 விநாடியில் பிராண்டன் டானெவ் அடிக்க, 4-3. கோப்பை பிராவிடன்ஸுக்கு.

பாஸ்டன் ரசிகனின் வலியை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். "விளையாட்டுதானே, விடுப்பா" என்று தோளைத் தட்டுபவர்கள் வாழ்க்கையில் எதற்காகவும் தொண்டை வற்றக் கத்தாதவர்கள். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பது அதைவிட மோசம். கல்லூரி விளையாட்டில் அந்த அணிக்கு அடுத்த வருஷம் என்று ஒன்றே கிடையாது. நாலாம் ஆண்டுக்காரர்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள், நட்சத்திரங்களை என்.எச்.எல். கொத்திக்கொண்டு போய்விடும். 2015 கோடையில் ஐக்கல் பஃபலோ அணிக்குப் போனார், ஓ'கானரும் ஒட்டாவாவுடன் ஒப்பந்தம் போட்டுப் பல்கலையை விட்டுப் போனார். அந்தச் சட்டையில் அந்தப் பையன்கள் மறுபடி ஒன்றாக இறங்கவே இல்லை. ஆக வலி நியாயமானது, அதில் சண்டை இல்லை.

சண்டை எல்லாம் அந்த வலிக்கு ரசிகன் எழுதும் கணக்கோடுதான். "ஓ'கானர் தோற்கடித்தார்." இந்த ஒரு வரிக்குள் எத்தனை பொய் என்று எண்ணிப் பாருங்கள்.

பொய் ஒன்று. பக் நழுவியபோது பாஸ்டன் தோற்கவில்லை, ஸ்கோர் சமமானது. இன்னும் எட்டரை நிமிடம் இருந்தது. நாலாவது கோல் விழுந்த பிறகும் ஆறு நிமிடத்துக்கு மேல் இருந்தது. கடைசி 20 நிமிடப் பகுதியில் பாஸ்டன் அடித்த கோல் எத்தனை? பூஜ்யம். கோல் அடிப்பது கோல்கீப்பர் வேலையா?

பொய் இரண்டு. பாஸ்டன் வலைக்குள் போனது நான்கு. ஓ'கானர் தடுத்து நிறுத்தியது நாற்பதுக்கும் மேல். அந்த நாற்பதில் ஏதாவது ஐந்து உள்ளே போயிருந்தால் "பிடித்தும் நழுவவிட்டான்" என்று பேசுவதற்கே ஆட்டம் மிச்சம் இருந்திருக்காது. தடுத்ததெல்லாம் கடமை, விட்டது மட்டும் குற்றம் என்றால் உலகத்தில் ஒரு கோல்கீப்பரும் தப்ப முடியாது.

பொய் மூன்று. இதை யாரும் யோசிப்பதே இல்லை. எதிரே நின்ற பிராவிடன்ஸ் கோல்கீப்பர் ஜான் கில்லிஸ் அன்று 49 ஷாட்களைத் தடுத்தார். பாஸ்டன் அடித்தது 52, உள்ளே போனது 3. ஃப்ரோசன் ஃபோரின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். "நம்ம ஆள் கோட்டை விட்டான்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ரசிகன் இந்த மனிதரின் உழைப்பைத் திருடுகிறான். ஜெயித்தவனுக்குப் பாராட்டுத் தர மனம் வராததால்தான் தோற்றவர்களில் ஒருவனைப் பிடித்து உதைக்கிறான்.

இப்போது அதே பாஸ்டன் ரசிகனை ஆறு வருடம் பின்னால் கூட்டிப்போகலாம். 2009, அதுவும் ஏப்ரல் 11! வாஷிங்டனில் இறுதிப் போட்டி. எதிரணி மயாமி. (ஃப்ளோரிடாவில் உள்ள மயாமி அல்ல, ஓஹையோ மாநிலத்துப் பல்கலைக்கழகம்.) கடைசி நிமிடம் தொடங்கும்போது மயாமி 3-1 முன்னணி. 59.5 விநாடி பாக்கி இருக்கும்போது பாஸ்டன் ஒரு கோல், 17.4 விநாடி இருக்கும்போது இன்னொரு கோல். 3-3. கூடுதல் நேரத்தில் பாஸ்டனின் கோல்பி கோஹன் அடித்த ஷாட்டைத் தடுக்க ஒரு மயாமி வீரர் சறுக்கி விழுகிறார். பக் அவர் மேலேயே பட்டுத் திசை மாறி வலைக்குள் போகிறது. பாஸ்டனுக்கு ஐந்தாவது தேசியக் கோப்பை.

அந்த வெற்றியை பாஸ்டன் ரசிகன் எப்படிச் சொல்வான்? போராட்ட குணம், விடாமுயற்சி, வரலாறு. மயாமி ரசிகனைக் கேட்டால்? துரதிர்ஷ்டம். இரண்டு ஆட்டத்திலும் நடந்தது ஒன்றுதான். முன்னணியில் இருந்த அணி வாய்க்கு வந்ததை விட்டது, எதிரணி விடாமல் ஆடியது, பக் ஒரு இடத்தில் எக்குத்தப்பாகப் போனது. 2009-இல் எக்குத்தப்பாகப் போனது வீரம், 2015-இல் போனது துரோகமா?

முதலாண்டு பி.காம். படிக்கும் பையனைக் கேட்டால் இதிலுள்ள மோசடியைச் சொல்லிவிடுவான். இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு எங்கேயாவது இருந்தே ஆக வேண்டும். லாபம் வந்தால் கூட்டாளிகள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது, நஷ்டம் வந்தால் ஒருத்தன் பெயரில் எழுதிவிட்டு மற்றவர்கள் கைகழுவுவது என்று ஒரு கம்பெனி நடந்தால் அதற்குப் பெயர் என்ன?

இது வெறும் வசை இல்லை, ஆராய்ந்து பார்த்தும் இருக்கிறார்கள். ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியர் 1976-இல் சக ஆய்வாளர்களோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஃபுட்பால் ஆட்டம் முடிந்த பிறகு வரும் திங்கள்கிழமை வகுப்பில் எத்தனை மாணவர்கள் கல்லூரிப் பெயர் போட்ட உடை அணிந்து வருகிறார்கள் என்று எண்ணினார்கள். ஜெயித்த வாரத்தில் அதிகம். ஆட்டத்தைப் பற்றித் தொலைபேசியில் விசாரித்தபோது ஜெயித்த ஆட்டத்துக்கு "நாங்கள்" என்ற சொல் அதிகம் வந்தது, தோற்ற ஆட்டத்துக்குக் குறைவாக வந்தது. பலிகடா தேடுவது அதற்கு அடுத்த படி. "நாங்கள் ஜெயித்தோம்", "அவர்கள் தோற்றார்கள்", கடைசியில் "அவன் தோற்கடித்தான்".

சரி, இதில் கல்லூரி விளையாட்டுக்கு என்ன விசேஷம்?

விசேஷம் இருக்கிறது. அந்தக் கோல்கீப்பர் ஒரு மாணவர். அன்று வயது 23. தொழில்முறை வீரருக்கு வசவு வாங்கவும் சேர்த்துத்தான் கோடிக்கணக்கில் சம்பளம் என்று ஒரு சால்ஜாப்பு சொல்வார்கள். (அதுவும் அபத்தம்தான், போகட்டும்.) 2015-இல் கல்லூரி வீரர்களுக்கு அதுவும் கிடையாது. உதவித்தொகை உண்டு, சம்பளம் இல்லை. தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கவே என்.சி.ஏ.ஏ. 2021-இல்தான் அனுமதித்தது. ரசிகன் படிக்கும் அதே வளாகத்தில் படிக்கிறவர், அதே நூலகத்துக்கும் அதே சாப்பாட்டுக் கூடத்துக்கும் வருகிறவர். தேர்வில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்ட ரசிகனின் விடைத்தாளை யாரும் டி.வி.யில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவதில்லை. இவருடைய ஒரு விநாடித் தப்பு மட்டும் காலத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கும் முதல் கூட்டமே சொந்த வகுப்புத் தோழர்கள்! அவர்கள் எந்தப் பக்கம் நிற்கப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

பாஸ்டன் நகரத்துக்கு இந்தப் பாடம் புதிதும் அல்ல. 1986 பேஸ்பால் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் வீரர் பில் பக்னரின் கால்களுக்கிடையே பந்து உருண்டு போனது. நியூயார்க் மெட்ஸ் ஜெயித்தது. பந்து அவரிடம் வருவதற்கு முன்பே ஸ்கோர் சமமாகியிருந்தது. அடுத்து ஏழாவது ஆட்டம் ஒன்றும் பாக்கி இருந்தது, அதில் பாஸ்டன் 3-0 என்று முன்னணியில் இருந்து 8-5 என்று தோற்றது. அதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? எல்லாம் பக்னர் தலையில். 2008-இல் அவரைச் சொந்த மைதானத்துக்கு அழைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள். 22 வருடம் கழித்து! அதுவும் 2004-இலும் 2007-இலும் கோப்பை வந்த பிறகு. வயிறு நிறைந்த பின் வந்த மன்னிப்பு அது.

இந்திய கிரிக்கெட் ரசிகர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். 1986 ஷார்ஜாவில் மியாண்டட் அடித்த கடைசிப் பந்து சிக்ஸர் என்றதும் சேத்தன் சர்மா பெயர் வாயில் வந்துவிடும். உலகக் கோப்பை வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கை 1987-இல் எடுத்தவர் யார் என்று கேட்டால் எத்தனை பேருக்குச் சட்டென்று வரும்? அதே சேத்தன் சர்மாதான்.

"அப்படியானால் தப்பு செய்தவனைத் தப்பு என்று சொல்லவே கூடாதா?" என்று கேட்பார்கள். தாராளமாகச் சொல்லலாம். பக் நழுவியது தப்பு, பெரிய தப்பு. அதை மறைத்தால் அதுவும் பொய்தான். ஆனால் "அவர் ஒரு தப்பு செய்தார்" என்பது வேறு, "அவரால் தோற்றோம்" என்பது வேறு. முதலாவது நடந்த சம்பவம். இரண்டாவது மற்ற எல்லோரையும் விடுதலை செய்வதற்காக எழுதிய தீர்ப்பு.

"நாக் அவுட்டில் ஒரு தப்புதானே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது?" என்றும் கேட்பார்கள். இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்வி. கோல் குறைவாக விழும் ஆட்டத்தை ஒரே தடவை ஆடினால் பலம் உள்ளவன் ஜெயிப்பான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 2006-இல் பிராந்திய முதல் நிலை அணியான மினசோட்டாவை முதல் சுற்றிலேயே ஹோலி கிராஸ் என்ற சிறு கல்லூரி கூடுதல் நேரத்தில் 4-3 என்று வீட்டுக்கு அனுப்பியது. 2023 இறுதிப் போட்டியில் அதே மினசோட்டா 2-0 முன்னணியில் இருந்தும் ஸ்கோர் சமமாகி, கூடுதல் நேரம் தொடங்கிய பத்தே விநாடியில் குவினிபியாக்கிடம் தோற்றது. நாக் அவுட்டின் குணமே அதுதான். அந்தக் குணத்துக்காகத்தான் டிக்கெட் வாங்குகிறான் ரசிகன். யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் வீழ்த்தலாம் என்ற அந்தப் பரபரப்பு பிடிக்கும், அது தன் அணி மேல் விழுந்தால் மட்டும் ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்க வேண்டும் என்றால் எப்படி?

ஆக, தோற்ற ராத்திரியில் ரசிகன் அழட்டும். டி.வி.யை அணைக்கட்டும், ஒரு வாரம் ஹாக்கி பேச்சையே எடுக்காமல் இருக்கட்டும், அந்த வீடியோவைப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்யட்டும். வலி போக நாளாகும். ஆனால் திங்கள்கிழமை காலையில் கல்லூரிப் பெயர் போட்ட அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வரட்டும். யாராவது ஆட்டம் என்ன ஆச்சு என்று கேட்டால் "நாங்கள் தோற்றுவிட்டோம், அவர்கள் நன்றாக ஆடினார்கள்" என்று சொல்லட்டும். வழியில் அந்தக் கோல்கீப்பர் எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்ளாமல் ஒரு வணக்கம் சொல்லட்டும்.

இதற்குக்கூட மனம் இல்லாதவன் 2009 கோப்பையைப் பற்றிப் பேசும்போது "நாங்கள்" என்ற சொல்லைத் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம்.