காமலாபுரத்தில் ஒரு பேருந்து காத்திருக்கட்டும்

தமிழ்நாடு போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கும், அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்ட மேலாண் இயக்குநர் அவர்களுக்கும், சேலம், நாமக்கல் மாவட்ட ஆட்சியர்களுக்கும்,



சேலம் விமான நிலையம் ஓமலூரைத் தாண்டி, காமலாபுரத்தில் இருக்கிறது. சேலம் நகரத்துக்கு அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர், நாமக்கல்லுக்கு 70. ஐதராபாத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பறந்து வருகிறவர், பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இங்கேயிருந்து எப்படிப் போறது?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு அரசு ஒரு நல்ல பதிலைத் தரவேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

யார் இந்த விமானத்தில் வருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிகள் ஆந்திரம், தெலங்கானா, மகாராட்டிரம் என்று தக்காணம் முழுக்க ஓடுகின்றன. வண்டி ஒரு மாநிலத்திலும் குடும்பம் இங்கேயுமாக வாழ்கிறார்கள் அதன் முதலாளிகள். நாமக்கல் லாரிக்காரர்களுக்கும் முட்டை வியாபாரிகளுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். இவர்களுக்கு ஐதராபாத் விமானம் ஒரு வசதி என்பதைவிடத் தொழில் தேவை. பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ராசிபுரத்துப் பெற்றோரும் இந்த விமானத்தில் உண்டு. ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் வரும் வெளியூர்க்காரர்கள் இவர்களுக்கு அடுத்தபடி.

இவர்கள் வெளியே வந்தால் கண்ணில் படுபவை பெரும்பாலும் சொந்தக் கார்களும் வாடகைக் கார்களும். சொந்தக் கார் இல்லாதவர் வாடகைக் காரின் கணக்கைக் கேட்க வேண்டும். நாமக்கல்லில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது சவாரி கிடைக்கும் என்று ஓட்டுநருக்கு உறுதியில்லை. அதனால் போகவர 140 கிலோமீட்டருக்கும் சேர்த்தே கேட்கிறார். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,960 ரூபாய். அதன்மேல் டிரைவர் பேட்டா, டோல். சிறு நகரங்களுக்கும் விமானம் விடும் உடான் திட்டத்தில் ஒரு மணி நேர விமானப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்துத்தான் ஒன்றிய அரசு அந்தத் திட்டத்தைத் தொடங்கியது. ஆகாயத்தில் சாமானியனுக்கு வைத்த விலையும் தரையில் அவன் கொடுக்கும் விலையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. ஓட்டுநரைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. வெறும் வண்டியாகத் திரும்பும் டீசல் செலவை அவர் யாரிடம் வாங்குவார்?

காருக்குக் கொடுக்க முடியாதவர் நெடுஞ்சாலை ஓரத்துக்கு வருகிறார். தருமபுரியிலிருந்து சேலம் போகும் பேருந்துகள் அந்தச் சாலையில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனால் இடைநில்லாப் பேருந்துகள் அங்கே நிற்பதில்லை. கையில் பெட்டி, பக்கத்தில் வயதான அம்மா, எதிரே எண்பதில் பறக்கும் லாரிகள். ஏதோ ஒரு வண்டி நின்றால் சேலம் புது பஸ்டாண்டு வரை போகலாம். அங்கே இறங்கி நாமக்கல் வண்டி. நாமக்கல்லில் 2024-ல் திறந்த புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே முதலைப்பட்டியில் இருப்பதால், ஆஞ்சநேயர் கோயில் பக்கம் வீடு இருப்பவருக்கு அங்கிருந்து இன்னொரு டவுன் பஸ். பெங்களூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் பறந்து வந்தவர் தரையில் மூன்று வண்டி மாறுகிறார்.

இதற்கு நான் கேட்பது பெரிய கட்டுமானம் எதுவும் இல்லை. விமானத்துக்காகக் காத்திருக்கும் ஒரு பேருந்து, அவ்வளவுதான்.

காத்திருக்கும் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். காலை இத்தனை மணிக்கு என்று நேரம் குறித்து ஓடும் பேருந்து விமான நிலையத்துக்கு உதவாது. விமானம் நாற்பது நிமிடம் தாமதமானால், குறித்த நேரத்துக்குப் பேருந்து காலியாகப் போய்விடும். பயணி வந்து பார்த்தால் வண்டி இருக்காது. இரண்டு முறை அப்படி ஆனால் மூன்றாவது முறை யாரும் அதை நம்பி வரமாட்டார்கள். பிறகு "கூட்டமே இல்லை, நட்டம்" என்று வழித்தடத்தை நிறுத்தக் காரணம் கிடைத்துவிடும். கடைசிப் பயணி பெட்டியை எடுத்துக்கொண்டு வந்த பிறகே வண்டி கிளம்ப வேண்டும் என்று நடத்துநரின் கையில் எழுத்துமூலமான உத்தரவு இருக்கட்டும். நேரம் தவறியதற்காக அவரிடம் யாரும் விளக்கம் கேட்கவும் கூடாது.

இன்னொன்று. விமான நிறுவனங்கள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், தங்கள் கால அட்டவணையை மாற்றுகின்றன. சேலத்துக்கு ட்ரூஜெட் வந்த 2018 மார்ச் 25-ம், இண்டிகோ வந்த 2023 அக்டோபர் 29-ம் அப்படிப்பட்ட ஞாயிறுகளே. பேருந்தின் அட்டவணையும் அதே நாளில் மாறவேண்டும். கோட்ட அலுவலகத்தில் ஒரு அதிகாரிக்கு இதை மட்டும் பொறுப்பாகக் கொடுத்தால் போதும்.

கூட்டம் வருமா என்று கேட்பீர்கள். இங்கு வந்துபோகும் ஏடிஆர் விமானத்தில் எழுபதுக்கு மேல் இருக்கைகள். மூன்றில் ஒருவர் பேருந்துக்கு வந்தாலே ஒரு சிறிய பேருந்து நிரம்பும். அதே வண்டி சேலம் புது பஸ்டாண்டு, ஆண்டகளூர்கேட், நாமக்கல் என்று போனால் வழியிலும் ஆள் ஏறுவார்கள். ராசிபுரத்துக்காரர் ஆண்டகளூர்கேட்டில் இறங்கிக்கொள்வார். விமானம் பிடிக்க வருகிறவர்களுக்கும் அதுவே வண்டி. ஏற்காட்டுக்குத் தனியாக இன்னொன்று வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் சாலைக்கு, வெளியூர்க்காரர் பழக்கமில்லாத ஓட்டுநரோடு இரவில் போவதைவிட, தினமும் அந்த மலை ஏறி இறங்கும் நம் அரசு ஓட்டுநரோடு போவது நல்லது. கோடை விழாவுக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறீர்கள். அந்த அனுபவம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கொல்லிமலைக்கு மட்டும் நேரடிப் பேருந்து கேட்கமாட்டேன். காரவள்ளியிலிருந்து எழுபது வளைவுகள் ஏறவேண்டிய அந்த மலைக்கு நாமக்கல்லில் ஓர் இரவு தங்கி, காலையில் போவதே சரி.

வாடகைக் கார்களும் இருக்கட்டும். விமான நிலைய வாசலில், சேலம், ஏற்காடு, மேட்டூர், நாமக்கல், திருச்செங்கோடு என்று ஊர்வாரியாகக் கட்டணம் எழுதிய பலகையும், முன்பணம் கட்டி ரசீது வாங்கும் ஒரு கவுண்டரும் வையுங்கள். அடுத்த விமானத்துக்கு வரும் பயணியை நாமக்கல்லிலிருந்தே ஏற்றிவர அந்தக் கவுண்டர் ஏற்பாடு செய்தால் வெறும் ஓட்டம் குறையும், கட்டணமும் தானாக இறங்கும். ஓட்டுநர்களையும் உட்காரவைத்துப் பேசித்தான் அந்த விலையை முடிவு செய்யவேண்டும்.

பணம் எங்கே என்ற கேள்விக்கு ஒரு பழைய தாளை நினைவுபடுத்துகிறேன். உடான் திட்டத்தில் விமான நிறுவனத்துக்குக் கொடுக்கும் இழப்பீட்டு நிதியில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் பங்கு 20 விழுக்காடு. அதே திட்டம், விமான நிலையத்துக்குச் சாலை, ரயில் போன்ற இணைப்புகளைத் தருவதையும் மாநிலத்தின் பொறுப்பாகவே எழுதிவைத்திருக்கிறது. ஆகவே இந்தப் பேருந்து யாரோ கேட்கும் சலுகை அல்ல. விமானத்தின் காலி இருக்கைக்கு மக்கள் வரிப்பணம் போகலாம் என்றால், அந்த இருக்கையை நிரப்ப உதவும் பேருந்துக்கும் போகலாம்.

1993-ல் திறந்த இந்த நிலையத்தில் விமானம் வருவதும் நிற்பதுமாகவே இருந்திருக்கிறது. கிங்ஃபிஷர் 2009-ல் வந்து இரண்டு ஆண்டில் நின்றது. ட்ரூஜெட் 2021 வரை ஓடியது. அந்த நிறுவனங்கள் தங்கள் பணச் சிக்கலில் விழுந்தன, பேருந்து இல்லாததால் அவை போனதாக நான் சொல்லவில்லை. ஆனால் பெங்களூர் வரை காரிலேயே போய்விடலாம் என்று நினைக்கும் நாமக்கல்காரரை இந்த விமானத்துக்கு இழுப்பது, தரையில் அவர் செலவிடும் நேரமும் பணமும் குறைவதுதான். கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் பெங்களூர் விமான நிலையத்திலிருந்து நேராக மைசூருக்கு 'ஃப்ளைபஸ்' விட்டது. பயணி பெங்களூர் நகருக்குள் வண்டி மாறவே வேண்டாம். அதே யோசனை காமலாபுரத்துக்கும் பொருந்தும்.

விமான நிலைய விரிவாக்கத்துக்கு நிலம் கேட்டபோது காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி விவசாயிகள் 2018-ல் கொதித்தெழுந்தது உங்களுக்குத் தெரியும். தென்னையும் கிணறும் வீடும் போகும் என்று அழுதவர்கள் அவர்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு விமானம் எதையும் கொடுத்ததில்லை. விமானத்துக்கு விடும் பேருந்து அவர்கள் ஊர் நிறுத்தங்களிலும் நிற்கட்டும். பள்ளிப் பிள்ளையும் பூக்காரம்மாவும் அதில் ஏறட்டும்.

நாமக்கல் வரை ஒன்று, ஏற்காடு வரை ஒன்று. அடுத்த கால அட்டவணை மாறும் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆறு மாதம் சோதனையாக ஓட்டிப் பாருங்கள். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை நாள் வண்டி காத்திருந்தது என்ற கணக்கை மாதந்தோறும் வெளியிடுங்கள். அதைப் பார்த்துத் தொடர்வதா, மாற்றுவதா என்று முடிவெடுக்கலாம்.

இப்படிக்கு,
ராசிபுரம் வட்டத்துப் பயணி ஒருவர்