முறுக்குக்கு நடுவே வெள்ளரிக்காய்

சென்னை சௌகார்பேட்டையில் முறுக்கு சாண்ட்விச் விற்கிறார்கள். உள்ளங்கை அகல முறுக்கில் பச்சைச் சட்னி தடவி, வெள்ளரிக்காயும் தக்காளியும் வட்ட வட்டமாக அடுக்கி, மசாலாப் பொடி தூவி, மேலே இன்னொரு முறுக்கை வைத்து அழுத்திக் கொடுப்பார்கள். கேட்டால் சீஸும் துருவிப் போடுவார்கள். முறுக்கு நம் வீட்டுப் பண்டம். கொத்தமல்லிச் சட்னி, வடக்கிலிருந்து வந்த சாட் தட்டைச் சேர்ந்தது. காயைச் சட்னியோடு நடுவில் வைத்துத் தருவது பம்பாய்த் தெருவோர சாண்ட்விச்சின் வழக்கம். மூன்றும் கலந்தது நாலடிக் கடைப்பலகை ஒன்றின் மேல்.

பல கிளைகள் உள்ள உணவகத்தில் இது பிறந்திருக்க வாய்ப்பில்லை. அங்கே ஒரு பண்டத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் விலைப்பட்டியலை மாற்ற வேண்டும், எல்லாக் கிளைக்கும் சரக்கு போக வேண்டும், மேலிடம் தலையசைக்க வேண்டும். சொந்தக் கடைக்காரர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இன்று மாலை செய்து பார்ப்பார், நாலு பேர் திரும்பி வந்து கேட்டால் நாளைக்கும் செய்வார். சௌகார்பேட்டை அடங்கிய பழைய ஜார்ஜ் டவுனின் தெருக்களில் சுற்றினால், இந்தச் சுதந்திரம் எத்தனை பண்டங்களைத் தந்திருக்கிறது என்று தெரியும்.

இங்கே தெருவுக்கு ஒரு தொழில். கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு, காகிதத்துக்கும் நோட்டுக்கும் பந்தர் தெரு, துணிக்குக் கோடவுன் தெரு, கண்ணாடிக்கும் சாமி படச் சட்டத்துக்கும் தேவராஜ முதலி தெரு, பொம்மைக்கும் ஃபேன்ஸி சாமானுக்கும் காசி செட்டி தெரு. ஒரே பொருளை விற்பவர்கள் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். போட்டி இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் தன்னிடம் இல்லாத அளவைப் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கிக் கொடுக்கும் பழக்கமும் அதே தெருவில்தான் இருக்கிறது. வாங்க வருகிறவருக்கு இது பெரிய வசதி. ஒரு கடையில் பிடிக்காவிட்டால் பத்தடி நடந்தால் போதும். இதே பகுதியிலுள்ள கொத்தவால்சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. சுற்றுத் தெருக்கள் அசையவில்லை.

சாப்பாட்டுக் கடைகள் இந்த வியாபாரத்தின் நேரத்தை ஒட்டியே நடக்கின்றன. பகலில் டீ, அவசர டிபன். கடைகள் மூடும் பொழுதில்தான் தங்கசாலைத் தெரு என்கிற மின்ட் தெரு களைகட்டுகிறது. காக்கடா ராம்பிரசாத் கடையில் ஜிலேபி சூடாக எண்ணெயிலிருந்து பாகுக்கும் பாகிலிருந்து தட்டுக்கும் போகிறது. வாங்கியவர்கள் ஓரமாக நின்று பாதாம் பாலோடு சாப்பிடுகிறார்கள். என்.எஸ்.சி. போஸ் சாலைப் பக்கம் சீனா பாய் டிபன் கடையில் விற்பது இட்லியும் ஊத்தப்பமும்தான். ஆனால் நெய்யும் பொடியும் விழும் தாராளத்தில் அது தெற்கத்திக் கைமணத்தை விட்டு வடக்கு நாக்குக்கு நெருங்கிவிடுகிறது. மாலையில் தொடங்கி இரவு வரைக்கும் கூட்டம் குறைவதில்லை. சமண மதத்தினர் நிறையப் பேர் வாழும் பகுதி இது. பாவ் பாஜியில் உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய் போடச் சொன்னால் யாரும் வியப்பதில்லை. அதை ‘ஜெயின்’ என்ற ஒரே சொல்லில் கேட்கலாம்.

அங்கிருந்து கிழக்கே கடற்கரை ரயில் நிலையத்தை நோக்கி நடந்தால் வாசனையே மாறும். இரண்டாவது கடற்கரைச் சாலையில் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது. 1962இல் பர்மாவில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த லட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள், சேர்த்ததை எல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சென்னையில் வந்திறங்கியவர்களுக்காக 1969இல் ராஜாஜி சாலையோரம் பர்மா பஜார் உருவானது. வெளிநாட்டுச் சாமானுக்குப் பேர்போன அந்தப் பஜாரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதன் நிழலில் வளர்ந்த தள்ளுவண்டிச் சமையலுக்கும் அந்த மரியாதை சேர வேண்டும்.

அத்தோ போடுவதைப் பார்ப்பதே தனி அனுபவம். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், மெலிதாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள், நொறுக்கிய தட்டை. எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். பர்மாவின் மொஹிங்கா என்கிற சாப்பாட்டில் மீன் குழம்போடு வாழைத்தண்டும் வேகும். இங்கே பல கடைகளில் மீன் போய்த் தண்டு மட்டும் நின்றுவிட்டது. வேகவைத்த முட்டையைப் பிளந்து, பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்துத் தருகிற முட்டை மசாலாவும் உண்டு. அதை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பாதி கடித்தால் உள்ளிருப்பது சிந்திவிடும். அகதியாக வந்தவர்கள் நினைவிலிருந்து சமைத்து, சென்னையில் கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றி, கடைசியில் இந்த ஊருக்கே உரிய சாப்பாடாக்கிவிட்டார்கள். வடசென்னையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அத்தோ அயல்நாட்டு உணவே அல்ல.

இந்தக் கடைகளில் பலவற்றுக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. சாமான் வாங்கிய கடையில் பில் போடும்போது, “அண்ணே, இங்க டிபன் எங்க நல்லாருக்கும்?” என்று கேட்பதுதான் சரியான வழி. தினமும் அங்கேயே சாப்பிடுகிறவர் சொல்வார், எந்தச் சந்து, எத்தனை மணிக்குப் போனால் சூடாக இருக்கும் என்பது வரைக்கும். உயர் நீதிமன்றம், மண்ணடி என்று இரண்டு மெட்ரோ நிலையங்கள் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. கார் கொண்டுபோவது வீண். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். வார நாளில் நாலு மணிக்கு மேல் பந்தர் தெருவில் நோட்டு வாங்கத் தொடங்கி, மின்ட் தெருவில் ஜிலேபி தின்று, இருட்டியபின் அத்தோ கடைக்குப் போகலாம். காரம் குறைவாக வேண்டுமென்றால் பிசையத் தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும்.