காவாய்ப் படகு ஒன்றாவது மிஞ்ச வேண்டாமா?

ஆரணி என்றதும் பட்டுச்சேலை ஆரணியா என்று கேட்பார்கள். இல்லை, பெரியபாளையத்துக்குப் பக்கத்து ஆரணி. எங்கள் ஆறு பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காடு ஏரியில் போய் விழுகிறது. அங்கிருந்து பட்டணத்துக்குப் படகில் போனதைப் பெரியப்பா சொல்லிச் சொல்லி மாய்வார். விறகு மூட்டைமேல் படுத்துக்கொண்டு போவாராம்.

அந்தப் படகு ஓடியது பக்கிங்காம் கால்வாயில். 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கியது. 1876-78 பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்கள் உழைப்பில் நீண்டது. பெயர் மட்டும் கவர்னருக்குப் போய்விட்டது! ஆந்திரத்துப் பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரை 420 கி.மீ. விறகும் உப்பும் கிளிஞ்சலும் இதில்தான் வந்தன.

ஆழமில்லாத தண்ணீர் என்பதால் படகின் அடி தட்டை. காற்றிருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் ஆகாவிட்டால் கரையிலிருந்து கயிறு. ஒரே படகுக்கு மூன்று வழி. கயிறு இழுத்தவர்கள் பட்ட பாட்டைப் பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ பாட்டில் எழுதியிருக்கிறார். ஆகவே அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். படகு வேறு, அந்தப் பிழைப்பு வேறு.

1965-66லும் 1976லும் அடித்த புயல்களில் கால்வாய் நொந்தது. அப்புறம் லாரி, பட்டணத்தில் சாக்கடை, கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண். 2008-இல் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். பேசுவதெல்லாம் தூர்வாருவதையும் சரக்கையும் பற்றித்தான். பழைய படகைப் பற்றி ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை.

கேரளத்தைப் பாருங்கள். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த கெட்டுவள்ளம், நெல் ஏற்றிய படகு, இன்று சுற்றுலாப் படகு. அதில் ஏ.சி. வைத்தது எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனாலும் அந்த வடிவம் பிழைத்ததே!

பழவேற்காட்டில் ஒரே ஒரு காவாய்ப் படகைக் கட்டி ஏரியில் விட்டால் போதும் என்பேன். போன வருஷம் அங்கே ஒரு பெரியவரைப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியவர், தச்சு வேலை. இப்போது எல்லாம் ஃபைபர் படகு, அவருக்கு வேலை இல்லை.

“அந்தப் படகு ஞாபகம் இருக்குதா ஐயா?” என்றேன்.

பதில் சொல்லாமல் குச்சியை எடுத்து மணலில் முழுசாக வரைந்தார். “மரம் வாங்கிக் குடு, பசங்களுக்குச் சொல்லித் தரேன். சீக்கிரம் வா” என்றார்.