வாங்கினது நாம், பூட்டு அவர்களிடம்

விதை நம் கையில் இருக்கணும் என்று இத்தனை வருஷமாகப் பேசி வருகிறோம். உரத்தை விட்டோம், பூச்சிக்கொல்லியை விட்டோம், நாட்டு விதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தோம். ஆனால் கருவி நம் கையில் இருக்கிறதா என்று நம்மில் பலர் கேட்பதே இல்லை. டிராக்டர், சோலார் பம்பு, மொபைல் ஸ்டார்ட்டர், ட்ரோன் என்று தோட்டத்துக்குள் வரும் ஒவ்வொன்றிலும் இப்போது ஒரு சாப்ட்வேர் உட்கார்ந்திருக்கிறது. இரும்பை நமக்கு விற்கிறார்கள். சாப்ட்வேரை விற்பதில்லை, 'பயன்படுத்திக்கொள்ள அனுமதி' மட்டும் தருகிறார்கள். அந்த அனுமதியோடு ஒட்டிவரும் நிபந்தனைகள்தான் இரும்பையும் சேர்த்துக் கட்டிப்போடுகின்றன.

இது எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்க விவசாயிகளின் கதையே போதும். அங்கே 1998-ல் வந்த டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி, சாப்ட்வேருக்குப் போட்டிருக்கும் பூட்டை உடைப்பது குற்றம். சினிமா, பாட்டு திருட்டைத் தடுக்க வந்த சட்டம், டிராக்டருக்கும் பொருந்திவிட்டது. 2015-ல் ஜான் டீர் கம்பெனி அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தது என்ன தெரியுமா? டிராக்டர் வாங்குபவருக்குக் கிடைப்பது, அந்த வண்டி ஓடும் காலம் வரை அதை இயக்கிக்கொள்ளும் மறைமுக அனுமதி என்பதுதான்.

அதே ஆண்டு, பழுது பார்க்கப் பூட்டைத் திறக்கலாம் என்று அரசு விலக்கு கொடுத்தது. அடுத்த வருஷமே, 2016-ல் கம்பெனி புது உரிம ஒப்பந்தம் கொண்டுவந்தது. பெரும்பாலான பழுதுவேலைகளுக்கும் மாற்றங்களுக்கும் அதில் தடை. சாப்ட்வேர் கோளாறால் பயிர் போனாலும் நஷ்டம் கேட்டு வழக்குப் போட முடியாது. வண்டியை இயக்கினாலே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சட்டம் முன்வாசலில் எடுத்ததை ஒப்பந்தம் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்துவிட்டது. அறுவடை நேரத்தில் ஒரு சென்சார் போனால், டீலரின் ஆள் லேப்டாப்போடு வரும்வரை காத்திருக்க வேண்டிய நிலை. பொறுக்க முடியாமல் சிலர் உக்ரைனிலிருந்து வந்த பூட்டுடைத்த சாப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

கம்பெனிகள் சொல்லும் நியாயத்தையும் பார்ப்போம். பூட்டைத் திறந்துவிட்டால் புகை கட்டுப்பாட்டைக் கழற்றிவிடுவார்கள், பாதுகாப்பு போய்விடும், திருட்டு கூடும் என்கிறார்கள். புகைக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, மீறியவரை அந்தச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். ஒருவர் தப்பு செய்வார் என்று ஊர் மொத்தத்தின் பட்டறையையும் இழுத்து மூடுவது என்ன நியாயம்? திருட்டு விஷயத்தில் ஓர் உதாரணம் உண்டு. 2022-ல் உக்ரைனின் மெலிட்டோபோலில் ரஷ்யப் படையினர் கொள்ளையடித்துப்போன டீர் இயந்திரங்களைத் தொலைவிலிருந்தே முடக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. நல்லதுதான். ஆனால் திருடனின் வண்டியை நிறுத்தும் அதே சுவிட்ச் நம் வண்டியையும் நிறுத்தும். அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இது இன்னும் உறுத்துகிறது. டிராக்டர் கடனில்கூட வண்டி விவசாயியுடையதுதான். வங்கிக்கு அதன்மேல் ஒரு பிடி, அவ்வளவே. கடைசித் தவணை கட்டினால் தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் அந்தப் பிடியை நீக்கிவிடலாம். இந்த சாப்ட்வேர் பிடிக்குக் கடைசித் தவணையே கிடையாது! முழுப் பணமும் கட்டிய பிறகும் வண்டி பாதி அவர்களுடையது. 'கையெழுத்துப் போட்டீங்கள்ல' என்று கேட்பார்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்: ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். படித்தாலும் ஒரு வரியை மாற்றச் சொல்ல முடியுமா? பேரம் பேச வழியில்லாத இடத்தில் சம்மதம் என்பது வெறும் பேச்சு.

அப்படியென்றால் இந்த நிபந்தனைகள் இங்கே செல்லுமா? எல்லாம் செல்லும் என்று நம்பிவிடாதீர்கள். பேரம் பேச வலு இல்லாதவர்மேல் திணிக்கப்பட்ட அநியாய நிபந்தனை செல்லாது என்று 1986-ல் பிரோஜோநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோர்ட்டுக்கே போகக் கூடாது என்று கட்டிப்போடும் ஒப்பந்தம், ஒப்பந்தச் சட்டம் 28-ஆம் பிரிவின்படி செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்றே தனியாக வரையறுத்து, மாநில ஆணையத்தில் முறையிட வழி வைத்திருக்கிறது. உதிரிபாகத்தையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் வைத்திருந்ததற்காக, 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது.

விதையில் நமக்கு இதைவிடத் தெளிவான பாதுகாப்பு இருக்கிறது. 2001-ல் வந்த பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பதிவுபெற்ற ரகமானாலும் விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பிராண்டு பெயர் போடாமல் விற்கவும் உரிமை தருகிறது. 2019-ல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள்மேல் போட்ட வழக்குகளை, நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் பெப்சிகோ திரும்பப் பெற்றது. சட்டமும் இருந்தது, சேர்ந்து நிற்க ஆளும் இருந்தார்கள். கருவிக்கு அப்படி ஒரு சட்டம் இன்னும் இல்லை. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கி, அதில் வேளாண் கருவிகளையும் ஒரு துறையாகச் சேர்த்தது. ஆனால் இணையதளத்தை வைத்து யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-ல் சட்டமே போட்டுவிட்டது. கையேடு, உதிரிபாகம், சாப்ட்வேர் கருவி எல்லாவற்றையும் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தர வேண்டும். 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையமே டீர்மேல் வழக்குத் தொடுத்தது.

எங்கள் பக்கத்தில் சோலார் பம்பு போட்ட ஒருவருக்குக் கோடையில் கன்ட்ரோலர் நின்றுபோனது. ஊர் எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்தார், பாஸ்வேர்டு கேட்டது. கம்பெனி ஆள் வர ஒன்பது நாள். அதற்குள் கத்தரிச் செடி வாடிவிட்டது.

அதனால் கருவி வாங்கும் முன் மூணு கேள்வி கேளுங்கள். வெளி மெக்கானிக் பழுது பார்க்கலாமா? கோளாறு எண்களின் பட்டியலும் பாஸ்வேர்டும் கொடுப்பீர்களா? நெட் இல்லாமலும் ஓடுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் வேறு கருவி பாருங்கள்.

இயக்கமாக நாம் கேட்க வேண்டியது ஒன்று. வேளாண் பொறியியல் துறை மானியத்தில் வரும் எந்தக் கருவிக்கும் தமிழில் பழுதுநீக்கும் கையேடு, வெளியில் கிடைக்கும் உதிரிபாகம், உடையவரே திறக்கக்கூடிய சாப்ட்வேர் கட்டாயம் என்று அரசு நிபந்தனை போடட்டும். மானியம் மக்கள் பணம். அந்தப் பணத்தில் நமக்கே பூட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் இதை மனுவாக எழுதிக் கலெக்டரிடம் கொடுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் போகட்டும்.