உணவுக்குழாய் மாற்றப்பட்ட பிள்ளைக்கு ஒரே ஓய்வு மணி போதுமா?

அறுவைச் சிகிச்சை வெற்றி என்று மருத்துவர் சொன்னதும் குடும்பம் நிம்மதி அடைகிறது. ஆனால் உணவுக்குழாய் மாற்றப்பட்ட பிள்ளைக்கு உண்மையான சோதனை சாப்பாட்டுத் தட்டின் முன்தான் தொடங்குகிறது. இதைப் பெற்றோர் மட்டுமல்ல, பள்ளியும் அறிந்திருக்க வேண்டும்.

ஏறக்குறைய 3,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்று, உணவுக்குழாய் இடையில் தொடர்பற்றுப் போன நிலையில் பிறக்கிறது. 1941-இல் அமெரிக்க மருத்துவர் கேமரன் ஹெய்ட் அப்படிப்பட்ட ஒரு குழந்தையின் குழாய் முனைகளை ஒரே அறுவையில் இணைத்துப் பிழைக்க வைத்தார். இன்றும் முதல் தேர்வு அதுவே. இடைவெளி மிக நீளமாக இருந்தால் மாற்றுக்குழாய் தேவைப்படலாம். அமிலமோ காரமோ குடித்துக் குழாய் வெந்து சுருங்கினாலும் அதே நிலைதான். இரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம், அதாவது 'சுக்கா கெத்தா', ஜொகூர் தோட்டப்புற மக்களுக்குப் புதிதல்ல. அதைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது.

மாற்றாகப் பெருங்குடலின் ஒரு பகுதியைப் பொருத்துவார்கள்; அல்லது இரைப்பையையே மார்பு வழியாக மேலே இழுத்துக் கழுத்தில் இணைப்பார்கள். இரண்டாவது முறையைக் குழந்தைகளிடம் பரவலாக்கியவர் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்திரீட் மருத்துவமனையின் லூயிஸ் ஸ்பிட்ஸ்.

இயல்பான உணவுக்குழாய் உணவை அலை அலையாகப் பிழிந்து கீழே தள்ளும். மாற்றுக்குழாய் அப்படிச் செய்வதில்லை. பெரும்பாலும் புவியீர்ப்பே உணவை இறக்குகிறது. அதனால் சாப்பிட்டவுடன் படுத்தால் உணவு மேலேறும். மார்புக்குள் போன இரைப்பையில் இடமும் குறைவு. நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும். "பிடிவாதம்" என்று திட்டி ஊட்டுவதால் பயனில்லை.

இனிப்பு இன்னொரு சிக்கல். மைலோ, சிரப் தண்ணீர் போன்றவை சிறுகுடலுக்குள் சட்டென்று பாயக்கூடும். அரை மணி நேரத்துக்குள் வயிற்றுவலி, படபடப்பு, வயிற்றுப்போக்கு வரலாம். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை இறங்கி வியர்வை, நடுக்கம், தூக்கக் கலக்கம் தோன்றலாம். அந்த நேரத்தில் பிள்ளை வகுப்பறையில் இருக்கும். காரணம் தெரியாத ஆசிரியருக்கு அது சோம்பலாகத்தான் தெரியும்.

இப்பிள்ளைகளுக்கு ஏற்றது நாளுக்கு ஐந்தாறு முறை சிறிது சிறிதாகச் சாப்பிடுவது. குறுகிய ஒரே ஓய்வு வேளையில் அது நடக்காது. பாட நேரத்தில் ஒரு பிஸ்கட்டோ அவித்த முட்டையோ சாப்பிட அனுமதித்தால் மற்ற பிள்ளைகளும் கேட்பார்கள் என்று சிலர் தயங்கலாம். நீரிழிவுள்ள பிள்ளை நடுவில் சாப்பிடுவதை நாம் ஏற்கிறோம் அல்லவா? இதுவும் அதுபோன்ற மருத்துவத் தேவைதான். சிகிச்சை தரும் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். வகுப்பாசிரியரிடமும் நேரில் பேசுங்கள்.

பரிசோதனையையும் பாதியில் விடாதீர்கள். எடை, உயரம், இரும்புச்சத்து, வைட்டமின் பி12 ஆகியவற்றைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். பெருங்குடலால் செய்த குழாய் ஆண்டுகள் போகப் போகத் தொய்ந்து வளையக்கூடும். ஆகவே சிறுவர் பிரிவை விட்டு வெளியேறும் வயதில், பெரியவர்களுக்கான மருத்துவரிடம் முறையாக ஒப்படைக்கும்படி கேட்பது உங்கள் உரிமை.

பிள்ளை உயிர் பிழைத்ததோடு சிகிச்சையின் கணக்கு முடிவதில்லை. அது பயமில்லாமல் சாப்பிட்டு வளர்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் அதை வெற்றி எனச் சொல்ல வேண்டும்.