கல் நடப்படாதவர்கள்

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. கல்லில் செதுக்கியவை. உள்ளே வருகிறவனுக்குச் சாவு எல்லோருக்கும் பொது என்று சொல்லிவைப்பதற்காக நிறுத்தப்பட்டவை. ஞாயிற்றுக்கிழமை ஏரி பார்க்கவும் இறால் சாப்பிடவும் சென்னையிலிருந்து வருகிறவர்கள் அவற்றுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள். கூம்பாக உயர்ந்தவை சில, மண்டபம் போலக் கட்டியவை சில, குலச்சின்னமும் புடைப்பெழுத்தும் நிறைந்த பெரும் பலகைக் கற்கள் பல. முந்நூறு, முந்நூற்றைம்பது ஆண்டு வெயிலும் உப்புக்காற்றும் பட்டும் அந்த எழுத்துகளில் பல இன்னும் படிக்கக் கிடைக்கின்றன.

வாசலில் நிற்கும் எலும்புக்கூடு சொல்வது பொய். இந்த ஊரில் சாவு எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. சிலருக்குக் கல் கிடைத்தது. பல ஆயிரம் பேருக்குக் கப்பலின் அடித்தட்டு கிடைத்தது.

1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரத்தை இந்தச் சிற்றூரிலிருந்துதான் நிர்வகித்தார்கள். துணி வாங்கினார்கள், வெடிமருந்து செய்தார்கள். இங்கிருந்து போன துணியின் பேர் மலாய் மொழியில் ஊர்ப்பேராகவே ஒட்டிக்கொண்டது. கைலிக்கு அவர்கள் இன்றும் சொல்லும் பேர் 'பெலிகட்'. கடைசியில் 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கோட்டை இருந்த இடம் இப்போது முள் மண்டிய மேடு. இவ்வளவையும் ஊரைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் ஒப்பிப்பார்கள். மூன்றாவது சரக்கைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

மூன்றாவது சரக்கு மனிதர்கள்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கணக்கில் கெட்டி. மூட்டையை எண்ணியது போலவே ஆளையும் எண்ணி எழுதிவைத்தது. அந்த ஏடுகளைக் கூட்டிப் பார்த்த வரலாற்றாய்வு சொல்லும் தொகை இது: 1621 முதல் 1665 வரை 131 கப்பல்களில், 38,000-க்கும் மேற்பட்டவர்கள் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் பழவேற்காட்டுத் தரகர்கள் வழியாகப் பிடிபட்டவர்கள். கணக்கு 1621-இல் தொடங்குவதைக் கவனிக்க வேண்டும். அதே ஆண்டில்தான் யான் பீட்டர்ஸூன் கூன் என்ற டச்சுக் கவர்னர் ஜெனரல் ஜாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளைப் பிடித்து, அங்கிருந்த மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் துரத்தியும் ஒழித்தான். தோட்டம் இருந்தது, வேலை செய்ய ஆள் இல்லை. ஆளில்லாத தீவுகளுக்கும், புதிதாகக் கட்டிய பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) நகரத்துக்கும் கூலி கேட்காத கைகள் தேவைப்பட்டன. ஒரு கரையில் செய்த கொலைக்கு இன்னொரு கரை ஆள் கொடுத்தது.

கொடுத்தது யார் என்ற கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது. கம்பெனிக்காரன் வலை வீசி ஊரைப் பிடிக்கவில்லை. பஞ்சம் வரும்வரை காத்திருந்தான். மழை பொய்த்து, படை நடந்து, நெல் கண்ணில் படாத ஆண்டுகளில் விலை இறங்கியது. ஆளின் விலையைத்தான் சொல்கிறோம். 1646-இல் மட்டும் பத்தாவியாவுக்கு 2,118 பேர் போனார்கள். 1659 தொடங்கித் தஞ்சைச் சீமை பாழான மூன்றாண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் தெற்கே நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து ஏற்றப்பட்டார்கள். பெற்றவர்களே பிள்ளையைக் கொண்டுவந்து விற்றதும் உண்டு. அந்தப் பெற்றவர்கள் மேல் தீர்ப்புச் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இடையில் நின்று தரகு வாங்கியவன் நம்மவன். கண்டும் காணாமலும் இருந்த நாட்டாண்மையும் நம்முடையது. அடிமை ஓலை என்ற சொல் டச்சுக்காரன் கொண்டுவந்தது இல்லை. சுந்தரரின் கல்யாணப் பந்தலிலேயே அது நீட்டப்பட்டுவிட்டது. ஆளை விற்கலாம் என்ற எண்ணம் இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்ததால்தான் அவனுக்குக் கொள்முதல் அவ்வளவு எளிதாக இருந்தது.

'அந்தக் காலத்து வழக்கம், இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?' என்று கேட்பார்கள். அந்தக் காலத்து அளவுகோலாலேயே அளப்போம். 1680-களில் சென்னைக் கோட்டையின் ஆங்கிலேயர்கள் அடிமை ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். பிறகு தீர்வை வாங்கிக்கொண்டு அனுமதித்தார்கள், மறுபடி தடுத்தார்கள். அவர்கள் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. ஆனால் குற்றம் என்று தெரியாத ஒன்றை யாரும் தடை செய்வதில்லை. தெரிந்தது, லாபம் இருந்தது, செய்தார்கள்.

முப்பத்தெட்டாயிரத்தில் பேர் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அதில் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1630-களின் தொடக்கத்தில் பிறந்தவள் என்று கணிக்கிறார்கள். பெற்றோர் வைத்த பேர் தெரியாது. டச்சு ஏடுகளில் 'பழவேற்காட்டுப் பெரிய காத்ரீன்'. பத்தாவியாவில் அடிமையாக இருந்தபோது தன்னை அடித்த ஆளைத் திருப்பித் தாக்க, அவன் செத்துப்போனான். மரண தண்டனை விதித்தார்கள்; பிறகு அதை ஆயுள் நாடுகடத்தலாக மாற்றினார்கள். 1657-இல் ஆப்பிரிக்காவின் தென்கோடியில், கேப் குடியேற்றத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கே தளபதி யான் வான் ரீபெக் வீட்டுத் துணிகளை வெளுத்தாள். ஒரு படைவீரனுக்கு அவள் பெற்ற மகனிடமிருந்து தென்னாப்பிரிக்காவின் ஸ்னைமன் குடும்பம் கிளைத்தது. வெள்ளைத்தோலை உயர்வென்று சட்டம் போட்டு வைத்திருந்த நாட்டில் ஒரு பெரிய குடும்பத்துக்குப் பாட்டி பழவேற்காட்டுக்காரி. அங்கே வம்சாவளி தேடுகிறவர்களுக்கு அவளைத் தெரியும். இங்கே அந்தக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய தெருவில் கேட்டுப் பாருங்கள்.

2022 டிசம்பர் 19 அன்று நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே அடிமை வணிகத்துக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். ஆசியாவில் டச்சுக் கம்பெனியின் ஆட்சிப் பரப்பில் 6,60,000 முதல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரை விற்கப்பட்டார்கள் என்று அந்த உரையிலேயே சொன்னார். அடுத்த ஆண்டு ஜூலை 1 அன்று அரசரும் மன்னிப்புக் கேட்டார். விழிப்புணர்வுக்கென்று 20 கோடி யூரோ ஒதுக்கினார்கள். சூரினாமும் கரீபியத் தீவுகளும் அந்த மன்னிப்பு போதுமா போதாதா என்று வாதாடின. வாதாட அவர்களுக்கு உரிமை உண்டு. தமிழ்நாட்டில் வாதமே எழவில்லை. மன்னிப்புக் கேட்கப்பட்டது நம்மிடமும்தான் என்பதே நமக்குத் தெரியவில்லை.

எங்கள் தீர்ப்பு இதுதான். கம்பெனி செய்தது கொடுமை. அதில் இரண்டு பேச்சில்லை. தரகன் செய்தது துரோகம். ஆனால் அவர்கள் இருவரும் செத்து மண்ணாகிவிட்டார்கள். உயிரோடு இருக்கும் குற்றவாளிகள் நாம். தொல்லியல் துறை இந்தத் தோட்டத்தைப் பாதுகாக்கிறது, பாதுகாக்க வேண்டியதுதான். கல்லறைகளை இடித்துத் தள்ளு என்று நாங்கள் சொல்லவில்லை. அதிலே படுத்திருப்பவர்களில் காய்ச்சலில் போன குழந்தைகளும் பிரசவத்தில் போன பெண்களும் இருக்கக்கூடும். அவர்கள்மேல் நமக்கு வழக்கில்லை. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2010 திருத்தத்துக்குப் பிறகு, இங்கே ஒரு கல்லைச் சிதைத்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வியாபாரியின் பேர் பொறித்த பலகைக்கு இவ்வளவு காவல். அவன் விற்றவர்களுக்கு ஒரு வரி கிடையாது. ஆநிரை மீட்டுச் செத்தவனுக்குக்கூட நடுகல் நட்டுப் பேரும் ஊரும் எழுதிய நாடு இது. ஒரு ஊரைப் பாரம்பரியச் சுற்றுலாத் தலம் என்று விளம்பரம் செய்துகொண்டே அந்த ஊரின் பெரிய துக்கத்தை மறைப்பது நாகரிகக் குறைவோ கவனக்குறைவோ ஆகாது. அது பொய்ச்சாட்சி.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை ஒன்றும் இல்லை. ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் அந்தக் கப்பல் கணக்குகள் இருக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஏடுகள் உண்டு. பதினேழாம் நூற்றாண்டு டச்சு படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே விரல்விட்டு எண்ணும் அளவில் இருப்பது நம் பல்கலைக்கழகங்களுக்கு அழகில்லை. நாலு மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து அந்த மொழியைப் படிக்க அனுப்ப ஒரு அரசாணை போதும். பள்ளிப் புத்தகத்தில் 'டச்சுக்காரர் வருகை' என்ற பாடத்தில் துணிக்கும் மிளகுக்கும் பக்கத்தில் இந்த எண்ணையும் சேர்க்க அரைப் பத்தி போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கல் வேண்டும். எலும்புக்கூடுகள் நிற்கும் வாசலிலேயே, தமிழில், 131 கப்பல் என்றும் 38,000 பேர் என்றும், பேர் தெரிந்த அந்த ஒருத்தியின் பேரும். ஊரார் காசு பிரித்து நட முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் யாரும் எதையும் கட்டக் கூடாது என்பது சட்டம். அந்த வேலிக்குள் கல் நட அதிகாரம் உள்ளது தொல்லியல் துறை ஒன்றுக்குத்தான்.