தயாரான நேரம் ஒன்று, இடம் மாறிய நேரம் வேறு

தோட்டத்தில் யாருக்காவது உடல்நிலை மோசமானால், "சிரம்பானுக்குக் கொண்டு போய்விட்டார்களா?" என்றுதான் முதலில் விசாரிப்போம். ரந்தாவ், லாபு, லுக்குட் பக்கத்துத் தோட்டங்களில் கடுமையான நோய் என்றால் பெரும்பாலும் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் நம் விசாரிப்பு நின்றுவிடுகிறது. அவர் எப்போது சாதாரண வார்டுக்கு மாறத் தயாராவார்? எதை வைத்து அதை முடிவு செய்கிறார்கள்? மாணவர்களே, இந்தக் கேள்விகளையும் நாம் கேட்கப் பழக வேண்டும். விடை உங்கள் அறிவியல், கணிதப் பாடங்களிலேயே இருக்கிறது.

நோயாளியை இடம் மாற்றுவதில் இரண்டு தவறுகள் நேரலாம். சீக்கிரமாக மாற்றினால், கவனிப்பு குறைந்த இடத்தில் அவர் நிலை மீண்டும் மோசமாகலாம். தாமதமாக மாற்றினால், அந்தக் கட்டிலுக்காக இன்னொருவர் காத்திருக்க நேரும். முதல் தவறு கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது தெரிவதில்லை. காத்திருப்பவர் வேறு வார்டிலோ அவசரப் பிரிவிலோ இருப்பார்.

தயார்நிலையை அறிய முதல் வழி, உடல் தரும் எண்களைத் தொடர்ந்து குறிப்பது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. சுவாச எண்ணிக்கை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, சுயநினைவு ஆகியவற்றுக்கும், செயற்கையாக ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறதா என்பதற்கும் புள்ளிகள் உண்டு. நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விட்டால் 0. அது 25-ஐ எட்டினால் 3. மொத்தம் 7 அல்லது அதற்கு மேல் போனால் அவசர நிலை. நோயாளி மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வந்த முறை இது. அவர் தேறுவதையும் இதே எண்களில் பார்க்கலாம். ஒரு தடவை எடுத்த எண் போதாது. அது இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த எளிய எண்கள் எவ்வளவு பேசும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. 1998-99-இல் நிப்பா வைரஸ் போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தைக் கடுமையாகத் தாக்கியது. அங்குள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அந்த வைரஸுக்கு நிலைத்துவிட்டது. கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 94 பேரைப் பற்றிய ஆய்வு 2000-இல் வெளிவந்தது. அவர்களில் 30 பேர் இறந்தார்கள். யாருடைய நிலை ஆபத்தானது என்பதைக் காட்டிய அடையாளங்களில் ஒன்று வேகமான இதயத் துடிப்பு. நீங்கள் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணக்கூடிய அதே துடிப்புதான். குணமாகி வீடு திரும்பிய சிலருக்குப் பல மாதங்கள் கழித்து மூளை அழற்சி மீண்டும் வந்ததும் பின்னர் தெரிந்தது. வீட்டுக்குப் போன பிறகும் கண்காணிப்பு தேவை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இனி கணிதத்துக்கு வருவோம். 10 கட்டில்கள் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவு எப்போதும் நிரம்பியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் சராசரியாக 5 நாள் தங்கினால், நாளுக்கு 2 பேர், 30 நாளில் 60 பேர் சிகிச்சை பெறலாம். தயாரான பிறகும் வார்டில் இடமில்லாமல் ஒவ்வொருவரும் இன்னும் ஒரு நாள் தங்கினால், 30 நாளில் 50 பேர்தான். 10 பேருக்கு இடமில்லை. கட்டில் ஒன்றும் குறையவில்லை, மருத்துவர் ஒருவரும் விடுப்பில் போகவில்லை. 1961-இல் ஜான் லிட்டில் நிறுவிய விதியின்படி வரும் கணக்கு இது. கடை வரிசைக்கும் இதே விதிதான்.

ஆகவே என் கருத்து இது: ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு நேரங்களைத் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். மாறத் தயாரான நேரம் ஒன்று. உண்மையில் மாறிய நேரம் மற்றொன்று. இரண்டுக்கும் இடையிலான மணிகளைக் கூட்டிப் பார்த்தால், தடை எங்கே என்று தெரியும்: வார்டில் கட்டில் இல்லையா, தாதியர் போதவில்லையா, ஆம்புலன்ஸ் வரவில்லையா? மாறிய நேரத்தை மட்டும் எழுதி வைத்தால் இந்தக் காத்திருப்பு எந்த ஏட்டிலும் வராது.

"தாதியருக்கு ஏற்கெனவே வேலை அதிகம், இன்னொரு படிவமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நாடி, சுவாசம், அழுத்தம் எல்லாம் இப்போதும் எழுதப்படுபவைதான். கணினி இருக்கும் இடத்தில் கூட்டல் வேலையை அது செய்யும். இல்லாத இடத்தில் ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் போதும். எண்கள் மட்டும் முடிவு செய்யக் கூடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். "இவர் முகம் சரியில்லை" என்று அனுபவமுள்ள தாதி சொன்னால், மதிப்பெண் 0 என்றாலும் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

தோட்டத்து மக்களுக்கு இன்னொரு மாற்றமும் உண்டு: வார்டிலிருந்து வீட்டுக்கு. ஒரு காலத்தில் தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸர் இருந்தார். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் தனிச் சட்டம் வந்தது. சிரம்பானுக்கு யாரை அனுப்புவது, திரும்பி வந்தவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது அவர் கவலையாக இருந்தது. இன்று பல இடங்களில் அந்தக் கவலை குடும்பத்தின் தலையில். வீட்டில் ஆள் இல்லை, கிளினிக் போக வண்டி இல்லை என்றால், உடல் தயாரானாலும் அந்த நோயாளி இன்னும் தயாராகவில்லை. போகிற இடமும் தயாராக இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது மருத்துவமனையிலிருந்து திரும்பினால் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். காலையும் மாலையும் நாடி, சுவாசம், காய்ச்சல் மூன்றையும் நேரத்தோடு எழுதுங்கள். எந்த எண் வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே தாதியிடம் கேட்டு, முதல் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.